முதல் கப்பலுக்கு மூன்று நாள் போதாது

முதல் தடவை கப்பலில் போகிறவர்கள் மூன்று நாளுக்கு மேல் போகக் கூடாது என்று எனக்கு அறிவுரை சொன்னவர்களில் ஒருத்தியைத் தவிர வேறு யாரும் கப்பலில் கால் வைத்தவர்கள் இல்லை. அந்த ஒருத்தி என்னோடு வேலை பார்க்கும் மல்லிகா. கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் சுரக்குடிக்காரி, நெல்லும் உளுந்தும் விளைகிற வீட்டுப் பெண். சென்னையிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் மூன்று இரவு போய்விட்டு வந்து, ஒரு வருஷமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். "முதல்ல சின்னதாப் போயிப் பாருங்கக்கா. ஒத்துக்கிச்சுன்னா அப்பறம் பெருசாப் போவலாம்" என்று எனக்கு வழி காட்டினாள். கடை ஆள்கூட அப்படித்தான் விற்பான், முதலில் சின்ன பாக்கெட் வாங்கிப் பாருங்கள் என்று.

நான் பத்து நாள் போனேன். போய்விட்டு வந்து எழுதுகிறேன்: மல்லிகா சொன்னது தப்பு. அவளிடமே இதைச் சொல்லிவிட்டேன், அதனால் புறம் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

நான் காரைக்கால் பக்கத்து மண்டபத்தூரில் பிறந்து மண்டபத்தூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸ். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் அலை தெரியும். ஆனாலும் ஐம்பது வயது தாண்டும்வரை கடலில் நான் போன தூரம் முழங்கால் வரைதான். மாசி மகத்தன்று சாமி தீர்த்தவாரிக்கு வரும்போது புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குவோமே, அந்த ஆழம். எங்கள் ஊரில் பெண்கள் படகில் ஏற மாட்டார்கள். ஏறக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை, ஆனால் யாரும் ஏறியதும் இல்லை. புதுப் படகுக்குப் பூஜை போட்டால் தட்டில் மஞ்சளும் குங்குமமும் எடுத்து வைப்பது நாங்கள், படகுக்கு வைப்பது ஆம்பளைகள். மீன் கரைக்கு வந்துவிட்டால் ஏலம் எடுப்போம், கூடையில் சுமப்போம், சந்தையில் உட்கார்ந்து விலைக்குச் சண்டை போடுவோம். மீன் கரைக்கு வருகிற வரைக்கும் எங்களுக்கு அதில் பேச்சே கிடையாது.

என் வீட்டுக்காரர் தங்கவேல் விசைப்படகு வைத்திருக்கிறார், அவரே ஓட்டுவார். எங்களுக்கு ஒரே மகள், பவித்ரா. கப்பல் படிப்புப் படிக்கிறேன் என்று அவள் சென்னைக்குக் கிளம்பியபோது அவர் மறுக்கவில்லை. படித்துவிட்டு வந்து பக்கத்துத் துறைமுக ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள் என்று அவராக நினைத்துக்கொண்டார். படிப்பு முடிந்து, வெளிநாடு போகும் சரக்குக் கப்பலில் பயிற்சி அதிகாரியாக அவளைத் தேர்ந்தெடுத்து, எந்த மாதம் ஏற வேண்டும் என்பதையும் சொல்லிவிட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. பொம்பளைப் பிள்ளையைக் கடலுக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாகச் சொன்னார். அன்றிலிருந்து பவித்ரா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நான் நிறுத்தவில்லை, காலையிலும் பேசினேன், சாயங்காலமும் பேசினேன். பொறுக்க முடியாமல் ஒரு நாள் அவர், "நீ ஒரு வாட்டி கரை தெரியாத தண்ணியில ரெண்டு ராத்திரி கெடந்து பாரு. அப்பறம் வந்து பொண்ண அனுப்பறதப் பத்திப் பேசு" என்றார். என் வாயை அடைக்கச் சொன்ன பேச்சு அது. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இரண்டு ராத்திரி என்ன, பத்து நாள் இருந்து காட்டுகிறேன், காட்டினால் பவித்ரா போவாள், நடுவில் முடியாது என்று இறங்கிவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்க மாட்டேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி ஏற்பாடுகளைச் செய்தான், அந்தக் கதை இங்கே வேண்டாம். மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் ஏறிப் பழுதுக்கு நின்றது. அதனால் அவருக்கும் என்னோடு வர மாட்டேன் என்று சொல்லச் சாக்கு இல்லை.

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பலை அண்ணாந்து பார்த்தபோது அதைக் கப்பல் என்று என் கண் ஒப்புக்கொள்ளவில்லை. பால்கனி பால்கனியாக அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று தண்ணீர் ஓரத்தில் நிற்கிறது. வரிசை நகர்ந்தது. கப்பலுக்குள் போகும் பாலத்தருகே வந்ததும் அவர் சட்டென்று குனிந்து, தம்பி வாங்கிக் கொடுத்த புது ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் செருப்புக் காலோடு யாரும் படகில் ஏற மாட்டார்கள். அது அவருக்கு யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, கால் தானாகச் செய்வது. அங்கே நின்ற காவலர் ஒன்றும் கேட்காமல் ஒரு பிளாஸ்டிக் தட்டை நீட்டினார், இவர் ஷூவை அதில் வைத்தார். இதைப் பார்த்த எங்களுக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரர் குனிந்து லேஸை அவிழ்த்தார். அவர் மனைவி அவிழ்த்தார். வரிசை முழுக்க ஆட்கள் ஒற்றைக் காலில் நின்று ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். காவலருக்கு விஷயம் புரிந்து எல்லாரையும் மறுபடி மாட்டச் சொல்ல நேரம் பிடித்தது.

அவர் வெறுங்காலோடு ஏறினார், கப்பலின் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் செருப்போடுதான் ஏறினேன். என்னைத்தான் இத்தனை வருஷமாக ஏற்றவே இல்லையே, மரியாதை மட்டும் எதற்கு என்று அந்த நேரத்தில் தோன்றியது.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்குக் கிடைத்தது வெள்ளை வெளேரென்று முள் இல்லாத ஒரு துண்டு மீன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதன் தலை எங்கே போயிற்று என்று பரிமாறிய பையனிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். தலை சமையல்கட்டுக்கே வருவதில்லை என்றான். நாற்பது ஊர் மீனையும் தலையில்லாமல் திங்கிறவர்களை நம்பி எப்படிக் கப்பலில் வந்தோம் என்று அவர் முணுமுணுத்தார். எங்கள் மேஜையில் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த தமிழ்த் தம்பதி ஒன்று இருந்தது. ஓய்வு பெற்றவர்கள், பல தடவை கப்பலில் போனவர்கள். இது எங்களுக்கு முதல் தடவை என்றதும் அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மூன்று நாள் எடுத்திருக்கலாமே என்றார். மல்லிகா ஈப்போவிலும் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா அதைச் சொல்லி முடித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, எனக்குத் தொடங்கிவிட்டது.

வாந்தி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஊரில் பாதிப்பேருக்கு வாந்தி மாத்திரை கொடுத்த கை இது. அந்த அறிவு எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. படுத்தால் சுவர் நகர்ந்தது, எழுந்தால் தரை நகர்ந்தது. மானம் போனது எங்கே என்றால், வெளியே கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்ததாம். மறுநாள் எங்களைப் பார்க்க வந்த ஈப்போ அம்மா, "கடலே ஆடலியேம்மா, உங்களுக்கு மட்டும் எப்படி ஆடுது?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். அறையைச் சுத்தம் செய்யும் இந்தோனேசியப் பையன் பச்சை ஆப்பிள் கொண்டுவந்து வைத்தான், அதுதான் அங்கே மருந்து. அதையும் வெளியே அனுப்பினேன்.

அவர் என்னைக் கேலி செய்யவில்லை, செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தைத் துடைத்துவிட்டார், வாளியை மாற்றி வைத்தார், ஆப்பிளைச் சின்னச் சின்னதாக நறுக்கிக் கொடுத்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "போதும் வசந்தா. அடுத்த ஊர்ல எறங்கி பிளேன்ல போயிருவோம். ஊர்ல நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த நல்ல மனசில் என் மகளின் வேலை போய்விடும் என்பது எனக்குத் தெரிந்தது.

சுவரைப் பார்த்துக்கொண்டே அவரிடம் கேட்டேன், முதன்முதலில் கடலுக்குப் போனபோது உங்களுக்கு எத்தனை நாள் வாந்தி வந்தது என்று. வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, நாலு கடலுக்கு வந்தது என்றார். நாலு தடவை கடலுக்குப் போய் நாலு தடவையும் எடுத்திருக்கிறார். எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் எல்லாரும் எடுப்பார்கள், அதை ஒரு பேச்சாகவே யாரும் பேச மாட்டார்கள்.

"அப்ப உங்களக் கடலுக்கு லாயக்கில்லன்னு யாராச்சும் வீட்டுக்கு அனுப்புனாங்களா? எனக்கும் நாலு நாள் குடுங்க" என்றேன். சொல்லி முடித்ததும் வாளியைத் தேட வேண்டியிருந்தது, அதனால் அந்தப் பேச்சு நினைத்த அளவுக்குக் கம்பீரமாக அமையவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பசித்தது. முதலில் அது பசி என்றே தெரியவில்லை, வயிற்றில் வேறு ஏதோ கோளாறு என்று நினைத்தேன். ரொட்டியும் சாம்பார் என்ற பெயரில் ஒரு தித்திப்புக் குழம்பும் சாப்பிட்டேன். உள்ளே நின்றது. காதுக்குள் இருக்கும் சமநிலை, ஆடும் தரைக்குப் பழக இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். நர்ஸிங் படிப்பில் பரீட்சைக்கு எழுதிய பதில்தான் அது, என் உடம்பு அதைத் தாமதமாகப் படித்தது.

இப்போது மல்லிகாவின் மூன்று இரவுக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கப்பலில் போயிருந்தால், எனக்குப் பசி எடுத்த நேரத்தில் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு இறங்குவதற்குத் தயாராகியிருப்பேன். கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன். ஊரும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கும். சின்னப் பயணம் போய்ப் பார்த்தால் நமக்கு ஒத்துக்கொள்ளுமா என்று தெரியும் என்கிறார்களே, அதில் தெரிவது உடம்பு முதலில் முரண்டு பிடிக்கும் என்பது மட்டும்தான். எந்த உடம்புதான் பிடிக்காது?

அன்று சாயங்காலம் மேல்தளத்துக்கு ஏறிப் போனேன். சுற்றிலும் கரை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர், நடுவில் நான். பயம் வரும் என்று காத்திருந்தேன், வந்தது கோபம்தான். இத்தனை அழகான ஒன்றை வீட்டுக்கு ஐம்பது அடியில் வைத்துக்கொண்டு, எங்களிடம் காட்டாமலே எங்கள் ஊர் ஆம்பளைகள் வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். வந்து, உடம்பெல்லாம் வலிக்கிறது என்று சலித்துக்கொண்டு வேறு படுத்திருக்கிறார்கள்.

நாலாம் நாள் தாய்லாந்து. இறங்கி ஊர் பார்க்கக் கிளம்பினோம். இரண்டு பக்கமும் பெஞ்சு போட்ட சின்ன லாரி ஒன்றில் எல்லாரும் முட்டிக்கு முட்டி உட்கார்ந்து போகிறார்கள், எங்கள் ஊர் ஷேர் ஆட்டோவை இழுத்து நீட்டியது போல் இருக்கும். சந்தையில் அவர் மீன் பகுதியை விட்டு நகரவே இல்லை. வவ்வால் மீன் இருந்தது, காலா மீன் இருந்தது, விலையைக் கேட்டு எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார், அந்த ஊர் மொழி ஒரு வார்த்தை தெரியாமலே. திரும்பும்போது அவசரத்தில் வேறு லாரியில் ஏறிவிட்டோம். அது எங்கேயோ போய் நின்று, இதற்கு மேல் போகாது என்று டிரைவர் கையை விரித்தார். கப்பல் கிளம்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் போனில் சிக்னல் இல்லை.

அவர் பதறவில்லை. சூரியனைப் பார்த்தார், அது சாய ஆரம்பித்திருந்தது. "இது மேக்க. அப்ப கடல் இந்தாண்ட" என்று சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் யாரும் இடது வலது என்று வழி சொல்ல மாட்டார்கள், கிழக்கால போ, மேக்கால திரும்பு என்றுதான் சொல்வார்கள். கடல் கிழக்கே இருக்கும். எந்தச் சந்தில் தொலைந்தாலும் கிழக்கே நடந்தால் கடற்கரைக்கு வந்துவிடலாம். கடலில் தொலைந்தால் மேற்கே ஓட்டினால் வீட்டுக்கு வந்துவிடலாம். அதை நம்பித்தான் அவர் இத்தனை காலம் உயிரோடு திரும்பி வந்திருக்கிறார். நானும் யோசிக்காமல் பின்னால் நடந்தேன், நானும் அதே ஊர்க்காரிதானே.

கடைகள் குறைந்தன. வீடுகள் குறைந்தன. ரோடு மேட்டில் ஏறியது. இரண்டு பக்கமும் அன்னாசித் தோட்டம் வந்தது. கடல் நெருங்க நெருங்க ரோடு ஏறுமா என்று கேட்டேன், பேசாமல் வா என்றார். தோட்டத்து ஓரத்தில் பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கப்பல் படம் போட்ட எங்கள் அட்டையைக் காட்டினேன். அவள் அட்டையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், நாங்கள் வந்த வழியைக் காட்டினாள். கையை நேராகச் சூரியனை நோக்கி நீட்டினாள். அவர் நம்பவில்லை, நீ வேறு ஏதோ கேட்கிறாய் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று என்னிடம் சொன்னார். அவள் எழுந்து நின்று, இரண்டு கையாலும் அலை மாதிரி செய்து, மறுபடியும் சூரியனைக் காட்டினாள்.

அந்த நாட்டின் அந்தக் கரையில் கடல் மேற்கே இருக்கிறது.

அந்தப் பெண்ணே கூவி இரண்டு மோட்டார் பைக் டாக்ஸிகளை நிறுத்தினாள். முன்னால் அவர், பின்னால் நான், ஆளுக்கொரு பையன் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வெயிலுக்கு நேராகப் பறந்தோம். கப்பல் பாலத்தருகே வெள்ளைச் சீருடையில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள், பவித்ரா வயதுதான் இருக்கும். இன்னும் சற்று நேரத்தில் பாலத்தை எடுத்திருப்போம், கப்பல் உங்களுக்காக நிற்காது என்று ஆங்கிலத்தில் எங்களைக் கண்டித்தாள். அவள் யார் என்று அவர் கேட்டார். இந்தக் கப்பலின் அதிகாரிகளில் ஒருத்தி என்றேன். ஒரு படகுக்காரரைக் கடலோரத்தில் நிற்க வைத்து ஒரு பெண் நேரம் தவறாதே என்று சொன்னதை அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

மேல்தளத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். கப்பல் நகர்ந்தது. எங்கள் கண்முன்னே சூரியன் கடலுக்குள் இறங்கியது. கடலிலிருந்து எழுந்து வருகிற சூரியனைத்தான் அவர் வாழ்நாள் பூராவும் பார்த்திருக்கிறார், கரை தெரிகிற இடத்தில் நின்று அது கடலில் மூழ்குவதைப் பார்த்ததில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடைசித் துண்டு மறையும்வரை அசையாமல் நின்றார்.

நான் சும்மா விடவில்லை. "நம்ம ஊர்ல கடல் கிழக்க இருக்குதுங்கறதுக்காக ஊர் உலகத்துல எல்லாம் கிழக்கவே இருக்கணுமா? நம்ம ஊர்ல பொம்பள ஏறலங்கறதும் அது மாதிரிதான்" என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் காதில் விழுந்தது என்பது அவர் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அடுத்து வியட்நாம். சைகோன் என்பது காரைக்காலில் யாருக்கும் அந்நியப் பெயர் இல்லை, பிரெஞ்சுக்காரன் காலத்தில் அங்கே வேலைக்குப் போன குடும்பங்கள் இன்னமும் ஊரில் இருக்கின்றன. நான் அந்த ஊரைவிட அங்கே கிடைத்த மீன் குழம்பைத்தான் நினைவில் வைத்திருக்கிறேன். புளி போட்டிருந்தார்கள், தக்காளி போட்டிருந்தார்கள், மீன் தலை முழுசாகக் கிடந்தது. மிளகாய்த்தூள் மட்டும் மறந்துவிட்ட நம் வீட்டுக் குழம்பு. இவர் தலையைக் கையால் எடுத்து உறிஞ்சிச் சாப்பிட்டார், கப்பல் ஏறிய பிறகு அன்றுதான் வயிறு நிறைந்தது என்றார்.

மறுநாள் இன்னும் வடக்கே ஒரு விரிகுடா. வட்டமான மூங்கில் பரிசல்களில் பெண்கள் துடுப்புப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தோம். தலையில் கூம்புத் தொப்பி, முகத்தில் துணி. அதில் ஒருத்தி பரிசலிலிருந்து ஒரு மீன்பிடிப் படகுக்குத் தாவி ஏறினாள், வலையை இழுத்துப் பார்த்தாள், உள்ளே நின்ற ஆளைத் திட்டினாள். என்ன திட்டினாள் என்று தெரியாது, ஆனால் வலையைச் சரியாக மடிக்காததற்குத்தான் என்பது இவருக்கே புரிந்தது. இது விரிகுடா, அலையில்லாத தண்ணீர், இதெல்லாம் கடலில் சேராது என்றார். நான் மணிலாக்கொட்டையைத் தின்றுகொண்டு, சரிங்க என்றேன். அவர் பார்த்துவிட்டார், அது எனக்குப் போதும்.

கடைசிக்கு முந்தின நாள் முழுக்கக் கடல்தான். காலை டீயை எடுத்துக்கொண்டு தளத்தில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஓர் ஆஸ்திரேலியப் பாட்டியம்மாள் தன் தோழியிடம், அடுத்த முறை இன்னும் நீளமாகப் போகலாம், இப்போதுதான் எந்த லிப்ட் எங்கே இருக்கிறது என்றே புரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதை என் வீட்டுக்காரருக்குச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

"பொம்பளைங்களப் படகுல ஏத்தாதது தீட்டுக்காகன்னு நெனச்சுகிட்டு இருக்கியா? அதெல்லாம் சும்மா சொல்றது. படகு போச்சுன்னா வீட்டுல ஒரு ஆளாவது மிஞ்சணும். புள்ளைங்களப் பாத்துக்க ஆளு வேணும். அதுக்குத்தான்" என்றார்.

இதை அவர் இதற்கு முன் என்னிடம் சொன்னதே இல்லை. அது ஊர் வழக்கத்தின் காரணமா, அவர் மனசில் செய்துகொண்ட காரணமா, எனக்குத் தெரியாது. ஆனால் அவர் பயந்தே போயிருக்கிறார் என்பது தெரிந்தது. பாவமாக இருந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

"கரையில இருந்தா மிஞ்சுமா? செல்வி எங்க இருந்தா?" என்று கேட்டேன்.

செல்வி அவருடைய தங்கை. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடற்கரையில் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள். நான் அன்று பவித்ராவை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுரக்குடியில் மல்லிகா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன், அதனால் நாங்கள் இருவரும் பிழைத்தோம். இவர் ஆழக்கடலில் இருந்தார். அந்த அலை படகுக்கு அடியில் போனதுகூட அவருக்குத் தெரியவில்லை. மீனோடு கரைக்கு வந்தபோதுதான் ஊர் இல்லை என்பது தெரிந்தது. இருபது வருஷத்துக்கு மேலாகிறது, வீட்டில் நாங்கள் செல்வி பெயரைச் சொன்னதில்லை.

"கடல்ல இருந்த நீங்க எல்லாரும் வந்து சேந்தீங்க. பத்திரமா இருக்கட்டும்னு கரையில வச்ச ஆளுங்களத்தான் கடல் வந்து எடுத்துட்டுப் போச்சு. இன்னமும் பவித்ராவக் கரையில வச்சுப் பாதுகாக்கறேன்னு என்கிட்டயே சொல்றீங்க" என்றேன்.

அவர் அழுதார். முகத்தை மறைக்கவில்லை, துண்டையும் எடுக்கவில்லை. ஆஸ்திரேலியப் பாட்டியம்மாள் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார். சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்ததுதான் தப்பு. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன், அது வேறு விஷயம்.

வெகுநேரம் கழித்து, பவித்ராவுக்கு நீஞ்சத் தெரியுமா என்று கேட்டார். காலேஜில் கற்றுக்கொடுத்தார்கள், கட்டாயப் பாடம், நன்றாகவே நீந்துவாள் என்றேன். என்னிடம் சொல்லவே இல்லையே என்றார். நீங்கள் கேட்கவில்லையே என்றேன். டீ ஆறிப்போயிருந்தது. இன்னொன்று வாங்கிவர அவர் எழுந்து போனார், அந்த லிப்ட் எங்கே இருக்கிறது என்பது இதற்குள் அவருக்கும் தெரிந்திருந்தது.

சிங்கப்பூரில் இறங்கி, பெட்டிகளுக்காக நின்றுகொண்டிருந்தபோது போன் உயிர் பெற்றது. பவித்ரா கூப்பிட்டாள். பத்து நாளும் நான் இறங்காமல் இருந்தேனா என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவள் ஊரில் தனியாக உட்கார்ந்து வேறு யோசனை பண்ணியிருக்கிறாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

"அம்மா, அப்பாகிட்ட நீயே சொல்லு. நான் வெளிநாட்டுக் கப்பலுக்குப் போவல. நம்ம கரையோரமாவே ஓடுற கப்பல் இருக்கு, அதுல கேட்டுப் பாக்கறேன். மொதல்ல கொஞ்ச நாளைக்குச் சின்னதாப் போயிப் பாக்கறேன். அதுக்காவது சரின்னு சொல்லச் சொல்லு" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"கரையோரமெல்லாம் வேணாம். கரை கண்ணுல பட்டுகிட்டே இருந்தா எறங்கிப் போயிடலாம்னுதான் மனசுக்குத் தோணும். நீ தூரமாவே போ" என்றார்.

அவள் அழுகிறாள் என்பது பெட்டிச் சத்தத்துக்கு நடுவிலும் எங்கள் இருவருக்கும் கேட்டது. அவர், அந்த வெளிநாட்டுக் கப்பலில் ஏறினால் எத்தனை மாதம் கழித்து வருவாய் என்று கேட்டார். ஒன்பது மாதம் ஆகும்ப்பா என்றாள்.

"மொத வாட்டிக்கு அவ்வளவாவது வேணும்" என்றார்.